‘மனுஷரைப் பார்க்காதே’ என்று இனி அவரிடம் சொல்லாதீர்கள்

சபைக் கமிட்டியாருக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆயர் ஐயாவுக்கும், செயலர், பொருளாளர், கமிட்டி அங்கத்தினர்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

நம் கோயில்பிள்ளை ஐயாமேல், அதாவது கோயிலில் மணியடித்து வேலை பார்த்தவர்மேல், நாம் போட்ட திருட்டுப் பழியைக் குறித்து இரண்டு முறை கடிதமாக எழுதிக் கவரில் போட்டுச் செயலர் கையில் கொடுத்தேன். ஜனவரியில் ஒன்று, சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் ஒன்று. பதில் வரவில்லை. தனியாக வந்து சொன்னேன். பிறகு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தும் சொன்னேன். மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன ஒழுங்கு அதுதான். அதில் மூன்றாவதாக, “அதைச் சபைக்குத் தெரியப்படுத்து” என்று இருக்கிறது. அந்த மூன்றாவது படியில்தான் இப்போது நிற்கிறேன். சபையின் பெயரையோ ஆள் பெயரையோ எங்கும் எழுதவில்லை. யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

போன அக்டோபரில் அறுப்பின் பண்டிகை. பீடத்துக்கு முன்னால் வாழைத்தாரும் கரும்பும் பூசணியும் குவிந்திருந்தன. ஆராதனைக்குப் பிறகு வளாகத்தில் ஏலம். பிள்ளைகள் கொண்டுவந்த ஒரு தட்டு அச்சுமுறுக்கை ஒரு பெரியவர் 2,000 ரூபாய்க்கு எடுத்து, அதே பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். நல்ல நாள் அது. ரொக்கமாக வந்த ஏலப் பணத்தை எண்ணினவர்களில் நானும் ஒருத்தி. 31 வருஷம் வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் என்பதால், 9 வருஷமாகக் காணிக்கை எண்ணும் குழுவில் என்னை வைத்திருந்தீர்கள்.

அந்த வேலையை நான் நேசித்தேன். ஆயர் அங்கி மாட்டுகிற வெஸ்ட்ரி அறையின் நீள மேஜையில் பச்சைத் துணியை விரிப்போம். சிவப்பு வெல்வெட் பைகளைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறுவோம். நாணயம் ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களைப் பிரித்து ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுதுவோம். குறைந்த பணம் வைத்த கவர்களில்தான் ஜெபக் குறிப்பு நீளமாக இருக்கும். எண்ணி முடித்துக் கையெழுத்துப் போடும்வரை, கோயில்பிள்ளை ஐயா வாசலுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வரமாட்டார். “பணம் எண்ணுற எடத்துல எனக்கென்னம்மா வேலை” என்பார். பீரோவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.

அன்றைக்கு ஏலப் பணம் 23,400 ரூபாய். எண்ணி, துணிப்பையில் கட்டி, பீரோவில் வைத்தோம். செவ்வாய்க்கிழமை எடுக்கப் போனபோது பை இல்லை.

சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டீர்கள். “என்கிட்டதான்யா இருந்துது” என்றார். அந்த மாதம்தான் அவருடைய பேத்திக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியிருந்தார். அதற்குப் பணம் ஏது என்று ஒருவர் கேட்டார். அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த மஞ்சள் சீட்டு ஒன்றைப் பாதி வெளியே எடுத்தார். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. சீட்டைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார். நான் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன், அதைப் பார்த்தேன். “அது என்ன சீட்டு, காட்டுங்க ஐயா” என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மனைவியின் சங்கிலியை அடகு வைத்த ரசீது அது. இருபது நிமிஷத்தில் விசாரணை முடிந்தது. ராஜினாமாக் கடிதத்தை நாமே எழுதி நீட்டினோம், அவர் கையெழுத்துப் போட்டார். 22 வருஷம் அந்தக் கோயிலின் மணியை அடித்தவர். பிள்ளைகள் அவரை ‘மணி தாத்தா’ என்றுதான் கூப்பிடும்.

டிசம்பர் இரண்டாம் வாரம், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பாஸ்புக்கை என்ட்ரி போட்டு வந்து என்னிடம் காட்டினார்கள். பண்டிகைக்கு மறுநாள் திங்கட்கிழமை தேதியில் 34,550 ரூபாய் வரவு. அன்றைக்குப் பெண்கள் நடத்திய பலகாரக் கடையின் வசூல் 11,150 என்று எனக்குத் தெரியும். கழித்துப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மீதி 23,400.

பெரியவர் ஒருவர், திங்கட்கிழமை காலை ஊருக்குப் போகிற அவசரத்தில் பீரோவிலிருந்த இரண்டு பைகளும் கடைப் பணம்தான் என்று நினைத்து ஒரே கணக்கில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. 70 வயதைத் தாண்டியவர், சபைக்காக ஓடி உழைத்தவர். அவரை யாரும் கூண்டில் ஏற்ற வேண்டாம். இதை மனதாரச் சொல்கிறேன்.

நான் கேட்பது அதற்குப் பிறகு நாம் செய்ததைப் பற்றி. பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றினோம். மினிட்ஸில் ‘கணக்கு மாற்றம்’ என்று ஒரே வரி எழுதினோம். “கிறிஸ்துமஸ் நேரம், இதைக் கிளப்பினா சபைக்குத்தான் கெட்ட பேர்” என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் தலையாட்டினோம். நானும் தலையாட்டினேன். வியாசர்பாடியில் ஒரு வீட்டில் திருடன் என்ற பெயரோடு ஒரு மனுஷன் கிறிஸ்துமஸ் கொண்டாடப் போகிறார் என்று தெரிந்தே தலையாட்டினேன். இந்த மடலில் உங்களைக் குறித்து எழுதுகிற ஒவ்வொரு வரியும் என்னையும் குறித்துத்தான்.

பணம் கிடைத்த செய்தி எப்படியோ அவருடைய மகள் காதுக்கும் போயிற்று. கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். சத்தம் போடவில்லை. “அப்பாகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்” என்று மட்டும் கேட்டார். நம்மில் ஒருவர் அவர் தோளில் தட்டி, “மனுஷரைப் பார்க்காதேம்மா, ஆண்டவரைப் பாரு” என்று சொல்லி அனுப்பினார்.

கேட்டருகே நான் அவரைத் தடுத்து நிறுத்தினேன். பத்து வருஷம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவர் அவர், என் மகனுக்கும் சொல்லிக்கொடுத்தவர். என்னிடம் கேட்டார்: “ஆன்ட்டி, இயேசு யாருன்னு எனக்குக் காட்டினதே மனுஷங்கதானே? எங்கப்பா, நீங்க, இந்த ஐயாமாருங்க. இப்ப அவங்கள பார்க்காதேன்னா, நான் எங்க போய்ப் பார்க்கிறது?”

அன்றைக்கு அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. மூன்று மாதமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

‘மனுஷரைப் பார்க்காதே’ என்பது நம் வீடுகளில் பாட்டிமார் காலத்திலிருந்து புழங்குகிற வார்த்தை. அது பொய்யான வார்த்தை அல்ல. என் அம்மா அதைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். எனக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும். ஒரு கல்யாணத்தில் அம்மா முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு பெரிய வீட்டு அம்மாள் வந்து, “இது எங்க குடும்பத்து இடம், பின்னாடி போ” என்றார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து பின்னால் போனார். வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு, “மனுஷரைப் பார்த்தா நம்ம விசுவாசம் நிக்காதுடி, ஆண்டவரைப் பாரு” என்றார். அடிபட்டவர் தனக்குத்தானே தடவிக்கொண்ட எண்ணெய் அது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஞாயிறும் அதே கோயிலுக்கு என்னைக் கூட்டிப் போனார்.

அந்தப் பெரிய வீட்டு அம்மாள் என் அம்மாவிடம் அதைச் சொல்லியிருந்தால்? எழுப்பிவிட்டவரே, “என்னைப் பார்க்காதே, ஆண்டவரைப் பார்” என்று சொன்னால் அதற்கு என்ன பெயர்? அதைத்தான் நாம் அந்தப் பெண்ணிடம் செய்தோம். காயப்பட்டவர் சொல்ல வேண்டிய வார்த்தையைக் காயப்படுத்தின நாம் எடுத்து அவர் வாயில் வைத்து அமுக்கினோம்.

வேதத்தில் இந்த மாதிரி அமுக்கல் இல்லையே என்று ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து நாட்களில் வாசிக்க வாசிக்கத் தெரிகிறது. பேதுரு மறுதலித்தது நாலு சுவிசேஷத்திலும் இருக்கிறது. சபையின் தூண் என்று எண்ணப்பட்டவர், ஒரு வேலைக்காரிக்குப் பயந்து, அந்த மனுஷனை அறியேன் என்று சொன்னார். ஆதிச் சபை நினைத்திருந்தால் அதை மறைத்திருக்கலாம். “இப்போதுதான் சபை வளர்கிறது, இதை எழுதினால் கெட்ட பேர்” என்று சொல்லியிருக்கலாம். பேதுரு அந்தியோகியாவில் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து விலகினபோது, பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதின நிருபத்தில் பேரைச் சொல்லியே எழுதிவைத்தார். பிலிப்பி சபையில் சண்டை போட்டுக்கொண்ட எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களின் பேர் இரண்டாயிரம் வருஷமாக நம் வேதாகமத்தில் நிற்கிறது. அதே இடத்தில், சுவிசேஷத்துக்காக அவர்கள் என்னோடுகூடப் பிரயாசப்பட்டவர்கள் என்றும் பவுல் எழுதுகிறார். சண்டைக்காரிகள் என்பதும் உழைத்தவர்கள் என்பதும் அடுத்தடுத்த வசனங்களில் இருக்கிறது. இதைப் படித்து யாருடைய விசுவாசமும் கெட்டுப்போகவில்லை.

நாமோ இயேசுவின் சீஷரான தோமாவின் ஊரில் இருக்கிறோம். சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம் என்று இந்த நகரத்தின் மூன்று இடங்களில் அவருடைய நினைவு இருக்கிறது. என் அப்பா சிறுவயதில் பரங்கிமலைப் படிகளில் எங்களை ஏற்றிக் கூட்டிப் போவார். மேலே நின்றால் விமானம் இறங்குவது தெரியும், நாங்கள் அதைத்தான் பார்ப்போம். சந்தேகப்பட்ட தோமா என்றுதான் அவரைச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது யோவான் 20ஐ வாசிக்கும்போது இரண்டு விஷயம் கண்ணில் படுகிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கண்டோம் என்று மற்றச் சீஷர்கள் சொன்னதை அவர் நம்பவில்லை. அவர்களும் சில நாளைக்கு முன்னால் ஆண்டவரை விட்டு ஓடினவர்கள்தான், அவர்கள் சாட்சியை அவர் எப்படி நம்புவார்? ஆனாலும் எட்டு நாளைக்குப் பிறகு தோமா அவர்களோடேகூட அதே வீட்டுக்குள் இருக்கிறார். அவரும் போய்விடவில்லை, அவர்களும் போகச் சொல்லவில்லை.

இன்னொன்று, ஆண்டவர் வந்ததும் காட்டினது காயத்தை. மரணத்தையே ஜெயித்து எழுந்த சரீரத்தில் அந்த ஆணித் தழும்புகள் இல்லாமல் போயிருக்கலாம். அவர் வைத்திருந்தார். “உன் விரலை இங்கே நீட்டு” என்றார். சபையைக் கிறிஸ்துவின் சரீரம் என்று சொல்லுகிறோம். அந்தச் சரீரத்தின் காயத்துக்குத் துணி போட்டு மூடி, இங்கே ஒன்றும் இல்லை என்று நாம் சொன்னால், தோமாவைப் போல வருகிற பிள்ளைகள் எதைத் தொட்டுப் பார்த்து நம்புவார்கள்?

பணக் கணக்கு என்பதால் இதையும் சொல்லவேண்டும். நாம் கையில் வைத்திருக்கிற தமிழ் வேதாகமத்தின் வரலாற்றில் மிஷனெறி ஃபெப்ரிஷியஸ் ஐயருக்குப் பெரிய இடம் உண்டு. ஜெர்மனியிலிருந்து வந்து, 1742ல் சென்னை ஊழியத்தை ஏற்று, வேப்பேரியில் இருந்து உழைத்தவர். அவருடைய புதிய ஏற்பாடு 1772ல் வந்தது. 1779ல் தமிழ் ஆங்கில அகராதி வந்தது. அவர் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகளை லுத்தரன் சபையார் இன்றைக்கும் பாடுகிறார்கள். புரசைவாக்கத்தில் அவர் பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது. அதே மனுஷன் கொடுக்கல் வாங்கலில் சிக்கி, பெருங்கடன் பட்டு, வயதான காலத்தில் இதே சென்னையில் கடனுக்காகச் சிறையிலும் இருந்தார். 1791ல் காலமானார். பண விஷயத்தில் அவருக்குத் திறமை இல்லை, அதனால் மற்றவர்களும் கஷ்டப்பட்டார்கள். மிஷனெறி வரலாறு எழுதினவர்கள் இதை ஒளிக்கவில்லை. கடனாளியாகச் சிறைக்குப் போனார் என்பதையும் வேதத்தைத் தமிழில் தந்தார் என்பதையும் அதே புத்தகத்தில் எழுதினார்கள். இதை முதலில் படித்தபோது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. பிறகு அவர் தந்த வார்த்தைகள்மேல் எனக்கு அன்பு கூடித்தான் போயிற்று. கடன்காரன் வாசலில் நின்றபோதும் இந்த மனுஷன் ஜெபித்திருப்பாரே, அழுதிருப்பாரே என்று நினைத்துக்கொள்வேன்.

அவருடைய குறை உண்மையான குறை, அது எழுதப்பட்டது. நம் கோயில்பிள்ளை ஐயாமேல் சொன்ன குற்றம் பொய்யான குற்றம். அது பொய் என்று எழுத நமக்கு ஒரு வரிகூட இல்லாமல் போயிற்று.

இன்னும் கஷ்டமான ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த அறையில் அவருடைய சாதியை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இருக்கவில்லை. அவர் எந்தத் தெருவில் பிறந்தவர், எங்கே அவருக்குச் சம்பந்தம் என்று எல்லாருக்கும் தெரியும். பை காணவில்லை என்றதும் பீரோவைத் திறக்கக்கூடிய ஐந்து பேரில் ஒருவரிடம் மட்டும்தான் கேள்வி போயிற்று. மற்ற நாலு பேரும் நம் உறவுமுறைக்குள் இருக்கிறவர்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். அவர்களில் ஒருவருடைய சட்டைப் பைக்குள் சீட்டு இருந்திருந்தால், காப்பி கொடுத்து உட்காரவைத்து அதை வாங்கிப் படித்திருப்போம். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் உண்மை.

இது புதிய வியாதியும் அல்ல. 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கண்டிப்பாகச் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் நம் வேப்பேரியிலும் அதற்காகக் கோயிலை விட்டு வெளியேறினவர்கள் உண்டு. ஞானஸ்நானம் எடுத்தும், நற்கருணை வாங்கியும், அடுத்தவனோடு ஒரே பாத்திரத்தில் குடிக்கமாட்டேன் என்று போனவர்கள் நம் விசுவாச முன்னோர்கள். அவர்களும் நம்மைப்போலவே ஜெபித்தவர்கள். இன்றைக்குப் பாத்திரம் ஒன்றாகிவிட்டது. சந்தேகம் மட்டும் இன்னும் ஒரே பக்கம் போகிறது.

“இவ்வளவு தெரிஞ்சும் அந்தச் சர்ச்சுக்கே ஏம்மா போற?” என்று என் மகன் கேட்கிறான். அவன் வருவதை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. வாலிபர் ஐக்கியத்தில் இன்னும் சிலரும் வருவதில்லை என்று உங்களுக்கே தெரியும். அவனிடம் நான் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் பாரிஷ் ஹாலில் எத்தனை குடும்பம் தங்கியது? இதே பொருளாளர்தான் முழங்கால் தண்ணீரில் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். யார் எந்த மதம், எந்தத் தெரு என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. அந்த மனுஷனும் இந்த மனுஷனும் ஒருவரே. நான் பார்த்த இரண்டும் உண்மை. வெள்ளத்தில் வந்தவரை நான் மறக்கமாட்டேன், அதனால்தான் வெஸ்ட்ரியில் உட்கார்ந்தவரை விட்டுக்கொடுக்காமல் இந்த மடலை எழுதுகிறேன். அன்பில்லாதவள் பேசாமல் வேறு சபைக்குப் போயிருப்பாள். சென்னையில் சபைக்கா பஞ்சம்?

2021 மே மாதம் என் கணவர் கொரோனாவில் போனார். கல்லறைத் தோட்டத்துக்கு உறவுக்காரர் யாரும் வரவில்லை, நானும் யாரையும் குறை சொல்லவில்லை, அப்படிப்பட்ட நாட்கள். ஆயர் தூரத்தில் நின்று ஜெபம் பண்ணினார். என் மகன் மருத்துவமனையில் இருந்தான். அந்த நீல உடையை மாட்டிக்கொண்டு, கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துப் பெட்டியை இறக்கினவர் கோயில்பிள்ளை ஐயா. குழியை மூடின பிறகு, நான் நின்ற இடத்திலிருந்து பத்தடி தள்ளி நின்று, “அண்ணன் பத்திரமா போயிட்டாரும்மா” என்றார். உடைக்குள்ளிருந்து குரல் தெளிவாக வரவில்லை, இரண்டாம் முறை சொன்னார். அந்த மனுஷனுக்காக அக்டோபரில் நான் வாய் திறக்கவில்லை.

ஜனவரி கடைசியில் அவர் வீட்டுக்குப் போனேன். பணம் எப்படிக் கிடைத்தது, எப்போது எங்களுக்குத் தெரிந்தது, நான் எப்படித் தலையாட்டினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காப்பி போடச் சொன்னார். பிறகு, “நீங்க எண்ணினது சரியாத்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. எங்கயோ தவறியிருக்குன்னு அன்னிக்கே நெனச்சேன்” என்றார். நான் அழுதேன். அவர் என்னை மன்னித்துவிட்டார். இன்னொரு சபையில் காலை முதல் ஆராதனைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருகிறாராம். நம் ஒவ்வொருவருக்காகவும் பேர் சொல்லி ஜெபிப்பதாக அவர் மனைவி சொன்னார்.

கிளம்பும்போது, “மணி இப்ப யாரும்மா அடிக்கிறா?” என்று கேட்டார். புதுப் பையன் ஒருவன் என்றேன். “மழை பெய்ஞ்சா கயிறு ஊறி உருளையில சிக்கிக்கும். மெழுகுவர்த்தியைத் தேய்க்கச் சொல்லுங்க. வேகமா இழுக்கக் கூடாது” என்றார்.

தனியாகக் கேட்ட மன்னிப்பு எனக்கும் அவருக்கும் இடையில் போதும். சபைக்கு முன்னால் பறித்த பேரை ஒரு வீட்டு வராந்தாவில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட முடியாது. வரி வசூலித்த சகேயு எல்லார் நடுவிலும் நின்றுதான், அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று சொன்னான். ஆண்டவர் சொன்ன உவமையில் வேலைக்காரர் களையைப் பிடுங்கட்டுமா என்று கேட்டபோது, கோதுமையையும் கூடப் பிடுங்கிவிடுவீர்கள், வேண்டாம் என்று எஜமான் தடுத்தார். நம்மைத் தடுக்க அந்த அறையில் யாரும் இல்லை. கோதுமையைப் பிடுங்கிவிட்டோம்.

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று இந்த ஊர் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில்தான் உருவானது. பல சபைப் பிரிவினர் ஒன்றாக இணைவதைப் பற்றி 1919ல் தரங்கம்பாடியில் பேசத் தொடங்கி, 28 வருஷம் வாதாடி, ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தார்கள். 1950ல் அவர்கள் வகுத்த நற்கருணை முறையில், கையோடு கை சேர்த்துச் சமாதானம் கொடுக்கிற ஆதிச் சபை வழக்கத்தை மறுபடியும் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்து வெளிநாட்டுச் சபைகளும் எடுத்துக்கொண்டன. நம் சபையிலும் செய்கிறோம். உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து, மற்றக் கையால் மூடி, பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்து, அவர் அடுத்தவருக்குக் கொடுத்து, பீடத்திலிருந்து கடைசிப் பெஞ்சுவரை அந்தச் சமாதானம் போகும். கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் எப்போதும் கோயில்பிள்ளை ஐயாதான் இருப்பார். எல்லாருடைய கையிலும் பட்டுக் கடைசியாக அவர் கையில்தான் வந்து நிற்கும். அக்டோபரிலிருந்து அது காலி இடத்துக்குப் போகிறது. பீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு, முன்பு போய் உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்று எழுதியிருக்கிறது. காணிக்கையே காரணமாக ஒரு சகோதரன்மேல் பழி போட்டுவிட்டு, மறுபடியும் அந்தப் பீடத்தில் காணிக்கையை எப்படி வைக்கிறோம்?

என் வேண்டுதல் சிறியது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்கு முன்பாகக் கமிட்டி முழுவதும் அவர் வீட்டுக்குப் போகவேண்டும். அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பக் கூடாது. பழக்கூடையும் பொன்னாடையும் வேண்டாம், போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடவும் வேண்டாம். ‘ஏதாவது தவறு நடந்திருந்தால் மன்னிக்கவும்’ என்று சொல்லாமல், இன்ன தேதியில் இன்ன தவறு செய்தோம் என்று சொல்லவேண்டும். அதற்கு அடுத்த ஆராதனையில், சமாதானம் கொடுப்பதற்கு முன்பாக, அதை அறிவிப்பாக வாசிக்கவேண்டும். என் பங்கை நானே எழுந்து நின்று சொல்கிறேன். மினிட்ஸில் ‘கணக்கு மாற்றம்’ என்ற வரிக்குக் கீழே, அவர் குற்றமற்றவர் என்று எழுதவேண்டும். ராஜினாமாவைக் காரணம் காட்டி நிறுத்தி வைத்திருக்கிற அவருடைய பணிக்கொடையைக் கொடுத்துவிடவேண்டும், அது தர்மம் அல்ல, அவருடைய சம்பாத்தியம். அவர் மறுபடியும் வேலைக்கு வருவாரா என்பது அவருடைய விருப்பம். வரமாட்டேன் என்றால், ஏன் என்று நாம் கேட்கக் கூடாது. மகள் நம்மை மன்னிக்கவில்லை என்றால் அதையும் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

இதைச் செய்தால் சபைக்குக் கெட்ட பேர் வரும் என்று இன்னும் பயமா? என் மகன் இந்த மடலை எழுத எனக்கு உதவி செய்தான். எழுதி முடித்து வாசித்துவிட்டு, “அவங்க உண்மையாவே போய்ச் சொன்னாங்கன்னா, அன்னிக்கு நானும் வர்றேம்மா” என்றான்.

சித்திரை வெயில் தொடங்குகிறது, அவர் வீடு ஓட்டு வீடு, பகலில் உட்கார முடியாது. மகள் வேலையிலிருந்து வர ஆறரை மணியாகிறது. அந்தப் பெண்ணும் இருக்கவேண்டும், அதனால் ஏழு மணிக்குமேல் போவோம். எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள். நான் கோயில் கேட்டருகே வந்து நிற்கிறேன்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
காணிக்கை எண்ணும் குழுவில் 9 வருஷம் இருந்தவள்
வடசென்னை